கொட்டாங்குச்சிக் கொண்டை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். என் தலையில நானே ஒரு கொண்டை போட்டுக்கணும். போட்டுக்கினு ஒரு மணி பஸ்ஸைப் புடிச்சி விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் போய்ச் சேரணும். அவ்ளோதான்.

எண்பதுகள்ல நடந்தது இது. எனக்கு அப்போ இருபத்தஞ்சு வயசு. கல்யாணம் ஆயி ரெண்டு வருஷம். இடுப்புக்குக் கீழ ஒரு சாண் தொங்கற முடி எனக்கு. அந்த முடிய வச்சி எனக்கு ஒரு திமிரு இருந்துச்சே, அது முடிய விட நீளம்.

சித்தி பொண்ணு சுமதிக்குத் திண்டிவனத்துல கல்யாணம். மாப்பிள்ளை வீடு பாண்டிச்சேரி. மொத நாள் சாயங்காலம் ரிசப்ஷன். அதுக்குப் பொண்ணுக்குக் கொண்டை போட பாண்டிச்சேரிலேர்ந்து ஒரு பார்லர் அம்மாவ வர வைக்கறதா சித்தி ஏற்பாடு பண்ணியிருந்தாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அதுக்கு எதுக்கு சித்தி வெளி ஆளு? நான் இல்லியா? அசத்திடறேன் பாருங்க"ன்னேன்.

எந்த தைரியத்துல சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே தெரியல. அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சது ஒத்தைச் சடை, ரெட்டைச் சடை, தலைக்குக் குளிச்சா நுனியில ஒரு முடிச்சு. கொண்டைன்னு சொல்லிக்கற மாதிரி நான் போட்டது தரை தொடைக்கும்போது மட்டும்தான். அதுவும் ரெண்டாவது ரூமு வர்றதுக்குள்ள அவுந்துடும்.

சித்தி என்ன ஏற எறங்கப் பாத்தாங்க.

"நெசமாத்தான் சொல்றியாடி தேவகி? அப்போ அந்தம்மாவ வேணாம்னு சொல்லிடவா?"

"தாராளமா சொல்லிடுங்க."

"சரி. ஆனா ஒண்ணு. மொதல்ல உன் தலையில போட்டுக்கினு வந்து காட்டு. என் கண்ணால பாத்துட்டு அப்பறம் என் பொண்ணு தலைய உன் கையில குடுக்கறேன்."

அந்தக் கண்டிஷன்தான் என்னைக் கவுத்துது.

ஆனா என்கிட்ட ஒரு துருப்புச் சீட்டு இருந்துச்சு. எங்க லைன் வீட்டுல மூணு குடும்பம் சேந்து ஒரு வாரப் பத்திரிகை வாங்குவோம். அதுல 'வீட்டிலேயே நீங்களே போட்டுக்கொள்ளலாம் அழகான கொண்டை'ன்னு ஒரு பக்கம் வந்திருந்துது. ஆறு படம். படிப்படியா. பத்திரமா எடுத்து வச்சிருந்தேன்.

ரிசப்ஷன் அன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு அந்தப் பக்கத்தப் பிரிக்கறேன்.

ரெண்டாவது படத்துல அந்தப் பொண்ணு முடிய விரிச்சிப் போட்டுக்கினு நிக்கறா. அஞ்சாவது படத்துல கோபுரம் மாதிரி கொண்டை. நடுவுல மூணும் இல்ல, நாலும் இல்ல. அந்த எடத்துல ஒரு சதுர ஓட்டை. ஓட்டை வழியா எங்க வீட்டு ஸ்டவ் தெரியுது!

எதிர்வீட்டு லில்லி டீச்சர் வேலை. முந்தின நாள் படிச்சிட்டுத் தர்றேன்னு வாங்கிக்கினு போய்த் திருப்பிக் குடுத்திருந்தாங்க. பின்பக்கத்துல மோர்க்குழம்பு செய்முறை இருந்திருக்குது. கத்தரிச்சி எடுத்துட்டாங்க.

ஓடுனேன்.

"டீச்சர், அந்தத் துண்டு எனக்கு ஜல்தியா வேணும்!"

"ஐயோ, அது குழம்புக்குள்ளயே விழுந்துடுச்சும்மா. ஆனா குழம்பு நல்லா வந்துது. கொஞ்சம் தரட்டுமா?"

ஒரு கிண்ணம் வாங்கிக்கினு வந்தேன். அன்னிக்கு எனக்குக் கெடச்ச ஒரே நல்ல விஷயம் அதுதான்.

சரி, மூணு நாலு இல்லன்னா என்னா, நமக்கு மூளை இல்லியான்னு பீரோக் கண்ணாடி முன்னாடி உக்காந்தேன்.

அங்கதான் மொத பாடம். அவங்கவங்க பின்னந்தலை அவங்கவங்களுக்குத் தெரியாது. முன்னாடி ஒரு கண்ணாடி, பின்னாடி ஒரு கண்ணாடி வச்சாத்தான் தெரியும். பின்னாடி கண்ணாடியப் புடிக்க ஒரு கை வேணும். அப்போ முடியப் புடிக்க ஒரு கைதான் மிச்சம். சீப்பப் புடிக்க? ஊசி குத்த? அந்தப் படத்துல இருந்த பொண்ணுக்கு நாலு கை இருந்திருக்கணும்.

இன்னொரு பேஜாரு. ரெண்டு கண்ணாடில பாத்தா வலது எது எடது எதுன்னு புரியல. முடி சரியிற பக்கம்னு நெனச்சி ஊசியக் குத்துனா அது காது.

வாய் நிறைய ஹேர்பின். எங்க வீட்டுக்காரரு எட்டிப் பாத்து, "தேவகி, மத்தியானத்துக்கு என்னா கொழம்பு?"ன்னாரு.

"ம்ம்ம்ம்."

"சாம்பாரா?"

"ம்ம்ம்ம்ம்!"

"கோவமா இருக்கியா?"

துப்பிட்டு, "மோர்க்குழம்பு!"ன்னு கத்துனேன். பதினாலு ஹேர்பின்னு தரையில. கொண்டை தோள்ல.

அது மொத தடவ. அடுத்தடுத்து இன்னும் நாலு தடவ போட்டேன். ஒண்ணு பின்னாடி சரிஞ்சிது. ஒண்ணு முன்னாடி வந்து நெத்தியில உக்காந்துது. ஒண்ணு நல்லாத்தான் நின்னுது. நிக்குதான்னு பாக்கறதுக்குத் தலைய ஆட்டுனேன். போச்சு. முடி நீளமா இருந்தா கொண்டை பெரிசா வரும்னு நெனச்சிக்கினு இருந்தேன். முடி நீளமா இருந்தா கனம்தான் பெரிசா வரும். கை ரெண்டும் மேல தூக்கித் தூக்கி, கடைசில தண்ணிச் சொம்பு எடுக்கக் கூட ஒடம்புல தெம்பில்ல.

அழுகை வந்துடுச்சி. நெசமா அழுதேன். அந்தப் பார்லர் அம்மாவ வேணாம்னு சொல்லியாச்சே!

எங்க வீட்டுக்காரரு பக்கத்துல வந்து உக்காந்தாரு. அவரு லேத் பட்டறையில டர்னர். எதையும் ஒரு மிஷினு மாதிரிதான் பாப்பாரு. என் தலைய நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"தப்பு உன் மேல இல்ல. உள்ள ஒரு பிடிமானம் வேணும். ஒண்ணுமே இல்லாம வெறும் முடி எப்படி நிக்கும்?"

சமையக்கட்டுக்குப் போனாரு. காலையில சட்னிக்குத் துருவுன தேங்காவோட கொட்டாங்குச்சிய எடுத்தாரு. கண்ணு இருக்கற பக்கம். என் பின்னந்தலையில வச்சிப் பாத்தாரு. அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காந்துச்சி.

"ஒம்பதரைக்குள்ள வர்றேன்"னு பட்டறைக்குக் கெளம்பிட்டாரு.

சொன்ன மாதிரியே வந்தாரு. நார் ஒண்ணு கூட இல்லாம வழவழன்னு தேச்சி, கறுப்பா பாலிஷ் போட்டு, கண்ணு இருந்த எடத்துல பெரிசா ஒரு ஓட்டை. ஓரத்துல சுத்தி எட்டு சின்ன ஓட்டை. எட்டும் ஒரே இடைவெளி. அதைப் பாத்தா கோயில்ல வைக்கலாம் போல இருந்துச்சி.

வேலை எப்படின்னா, முடிய மொத்தமா குதிரை வாலாக் கட்டி, அந்தப் பெரிய ஓட்டை வழியா வெளிய இழுக்கணும். கொட்டாங்குச்சி தலையில கவுந்து உக்காரும். அப்பறம் முடிய எட்டாப் பிரிச்சி அது மேலயே நாலு பக்கமும் படர விட்டு, நுனிய அந்தச் சின்ன ஓட்டைகள்ல உள்ள தள்ளிடணும். தள்ளறதுக்கு நான் லேஸ் பின்ற குரோஷா ஊசி.

அவரே தள்ளுனாரு. நாக்கக் கடிச்சிக்கினு, ஒவ்வொண்ணா, இழுத்து இழுத்துத் தள்ளுனாரு.

"வலிக்குதுங்க!"

"டைட்டா இருக்கணும். நான் செஞ்ச வேலை எதுவும் இதுவரைக்கும் கழண்டு வந்ததில்ல."

அவரு அப்போ சொன்னதக் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் நான்.

ஆனா சும்மா சொல்லக் கூடாது, கொண்டை பிரமாதமா வந்துது! உருண்டையா, ஒசரமா, ஒரு முடி பிசகாம. சுத்தி கனகாம்பரம் வச்சிக்கினேன். லில்லி டீச்சர் பாத்துட்டு, "நீயா போட்டுக்கின? நெசமா?"ன்னு மூணு தடவ கேட்டாங்க. மூணு தடவயும், "ஆமா டீச்சர், சும்மா அஞ்சு நிமிஷ வேலை"ன்னேன். வீட்டுக்காரரு குரோஷா ஊசியத் தொடைச்சிக்கினு இருந்தாரு.

திட்டம் என்னன்னா, சித்திகிட்டக் காட்டிட்டு, இதைக் கழட்டி அப்படியே சுமதி தலையில மாட்டிடறது. வீட்டுக்காரரு ஒரு அவசர வேலைய முடிச்சிட்டு சாயங்கால பஸ்ல வந்துடுவாரு.

ஒரு மணி பஸ்ஸு. ஏறும்போதே மொத அடி.

எவ்ளோ குனியணும்கறது எனக்குப் பழக்கமில்ல. என் ஒசரம் எனக்குத் தெரியும். கொண்டையோட ஒசரம் எனக்குத் தெரியாது. மேல இருந்த கம்பியில...

டொக்!

பஸ்ஸே திரும்பிப் பாத்துது. நானும் திரும்பிப் பாத்தேன், வேற யாரையோ தேடற மாதிரி.

கடைசி சீட்டுல எடம் கெடச்சிது. பின்னாடி தகரம். ரோட்டுல ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை போய் அதுல மோதுது. டொக். டொக். டொக்.

கண்டக்டர் வந்தாரு. நின்னு காது குடுத்துக் கேட்டாரு.

"யாரும்மா அது தேங்கா மூட்டைய சீட்டுக்கடியில வச்சிருக்கறது? உருளுது பாரு! லக்கேஜ் போடாம யாரு ஏத்துனது?"

அவரு குனிஞ்சி குனிஞ்சி ஒவ்வொரு சீட்டுக்கடியிலயும் பாக்கறாரு. நான் கழுத்தக் கம்பி மாதிரி நேரா வச்சிக்கினு மூச்சக் கூட அளந்து விட்டுக்கினு இருக்கேன்.

என் பக்கத்துல ஒரு அம்மா, மடியில ஒரு பை மல்லாட்டை, வேர்க்கடலைதான், வச்சி உரிச்சித் தின்னுகினு வந்துது. என்னையே பாத்துது. என் காதுகிட்ட வந்து மெதுவா,

"ஏம்மா, தலைக்குள்ள இன்னா வச்சிக்கினு இருக்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அதானே பாத்தேன். ஒண்ணுமில்லாத தலைதான் இந்த மாதிரி சத்தம் போடும்"னு சொல்லிட்டு அடுத்த மல்லாட்டைய உரிச்சிது.

கூட்டேரிப்பட்டுல அந்த அம்மா எறங்குற வரைக்கும் நான் ஜன்னல் பக்கமே பாத்துக்கினு வந்தேன்.

திண்டிவனத்துல எறங்கும்போது இன்னொரு பிரச்சனை. முடிய அவ்ளோ இறுக்கி இழுத்ததுல என் புருவம் ரெண்டும் மேல ஏறிப் போச்சு. கீழ வர மாட்டேங்குது. வெயில்ல வேர்த்து வேர்த்து இன்னும் இறுகுது. கண்ணு சரியா மூட முடியல.

மண்டபத்துல சித்தி வாசல்லயே நின்னுகினு இருந்தாங்க.

"வாடி. ஏன் அப்படி ஆச்சரியமாப் பாக்கற?"

"பாக்கல சித்தி. மொகமே இப்போ இப்படித்தான்."

சித்தி என்னத் திருப்பிப் பாத்தாங்க. ஒடனே நாலு பொம்பளைங்களக் கூப்பிட்டு, "பாருங்கடி, எங்க அக்கா பொண்ணு, அதுவே போட்டுக்கினு வந்திருக்குது!"ன்னாங்க. ஒருத்தி தொட்டுப் பாக்கக் கை நீட்டுனா. "தொடாதீங்க, கலைஞ்சிடும்!"னு நகந்துட்டேன். அது இந்த ஜென்மத்துல கலையாதுன்னு எனக்கு அப்போ தெரியல.

மணி நாலு. மணப்பொண்ணு ரூமுக்குள்ள போய் கதவச் சாத்திக்கினேன். சுமதி என் கையப் புடிச்சிக்கினா.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? பொண்ணு பாக்க வந்தப்போ அவங்கம்மா என் தலையப் பாத்துட்டு, 'முடி கொஞ்சம் கம்மிதான்'னு சொன்னாங்க. அது ஒண்ணுதான் சொன்னாங்க. அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லக்கா. இன்னிக்கு ஒருத்தர் கூட என் தலையப் பத்திப் பேசக் கூடாது. அது போதும்."

"பேச மாட்டாங்கடி. நான் எதுக்கு இருக்கேன்?"ன்னு சொல்லிட்டுக் கொட்டாங்குச்சியக் கழட்டக் கைய வச்சேன்.

வரல.

கனகாம்பரத்த எடுத்துட்டு இழுத்தேன். வரல. சுமதிய இழுக்கச் சொன்னேன். கொட்டாங்குச்சி வரல, நான் வந்தேன், நாற்காலியோட.

குரோஷா ஊசியால உள்ள போன எட்டுக் கத்தை முடியும், வேர்வையில ஊறி, உள்ளாரயே ஒண்ணோட ஒண்ணு சிக்கு விழுந்து, ஒரே கட்டியா ஆயிடுச்சி. சின்ன ஓட்டை வழியா உள்ள போன முடி, பெரிய சிக்கா வெளிய எப்படி வரும்?

சுமதி ஒரு கிண்ணம் தேங்கா எண்ணெய எடுத்தாந்து ஓட்டை ஓட்டையா ஊத்துனா. எண்ணெய் உள்ள போச்சு. முடி வெளிய வரல. எண்ணெய் மட்டும் கழுத்து வழியா, பட்டுப் பொடவை ஜாக்கெட்டுக்குள்ள வந்துது.

சுமதி அப்போதான் முழுசாப் புரிஞ்சிக்கினா.

"அக்கா... அந்த ஒண்ணுதான் இருக்குதா?"

"ஆமாண்டி."

"அது உன் தலையில இருக்குது."

"ஆமாண்டி."

"எனக்கு?"

அவ கண்ணுல தண்ணி. போட்ட மை கரையுது. நான் கோமாளி ஆனாப் பரவால்ல. ஆனா அவ அந்த மேடையில நிக்கணுமே, அந்த அம்மாவுக்கு முன்னாடி!

கதவத் தொறந்துகினு சித்தி வந்தாங்க. ஒரு பார்வை பாத்தாங்க. எண்ணெய், அழுகை, ஆச்சரியமான என் மொகம்.

"பாண்டிச்சேரி பொம்பளைய வேணாம்னு சொன்னியேடி பாவி!"

கத்தரிக்கோல எடுத்தாங்க. நான் ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சிக்கினு அலறுனேன். அடியோட வெட்டுனாத்தான் வரும்! மூணடி முடி!

"முடிய வெட்ட வேணாம் சித்தி, கொட்டாங்குச்சிய ஒடைச்சிடலாம்!"

"எதால ஒடைக்கறது?"

"தேங்கா ஒடைக்கறவங்ககிட்டக் குடுத்தா ஒடைச்சிட மாட்டாங்களா?"

அப்படித்தான் நாங்க சமையக்கட்டுக்குப் போனது.

சமையல் மாஸ்டர் ஒரு குட்டையான ஆளு. பெரிய மீசை. முன்னாடி ஒரு மலை மாதிரி தேங்கா. ஒவ்வொண்ணையும் கையில உருட்டி, அருவா முதுகால ஒரு தட்டு. ரெண்டா வாயப் பொளந்துகினு விழுது. பாத்ததுமே எனக்கு ஒரு நம்பிக்கை வந்துது.

சித்தி விஷயத்தச் சொன்னாங்க. மாஸ்டர் என் தலையச் சுத்தி வந்தாரு. வெரல் மடக்கித் தட்டிப் பாத்தாரு. டொக். காதச் சாய்ச்சிக் கேட்டாரு.

"முத்துன காய்தான்"னாரு.

"ஒடைப்பீங்களா?"

"முப்பது வருஷமா ஒடைக்கறேன்மா. நான் தட்டுனா ரெண்டா வரும். அதுல சந்தேகமே இல்ல. எது ரெண்டா வரும்கறதுதான் இப்போ பிரச்சனை."

நான் அழுதேன். அவரு யோசிச்சாரு. ஒரு ஈரத்துண்ட மடிச்சி என் கழுத்துல போட்டாரு. தோசைத் திருப்பிய எடுத்துத் தொடைச்சி, கொட்டாங்குச்சிக்கும் என் மண்டைக்கும் நடுவுல மெதுவா சொருகுனாரு. எண்ணெய் ஊத்துனதுக்கு அது ஒண்ணுதான் பலன், வழுக்கிக்கினு உள்ள போச்சு.

"பலகையில உக்காரு. குனிஞ்சிக்க. அசையாத. ஏதாவது சாமி தெரிஞ்சா கும்பிட்டுக்க."

தெரிஞ்ச சாமி, தெரியாத சாமி, மயிலம் முருகன், எல்லாரையும் கூப்பிட்டுக்கினு குனிஞ்சி உக்காந்தேன். சித்தி என் தோளப் புடிச்சிக்கினாங்க. மாஸ்டர் அருவாளத் தூக்குனாரு.

"ஐயய்யோ!"

வாசல்ல ஒரு சத்தம். எட்டிப் பாத்தா மாப்பிள்ளையோட அம்மா! சம்பந்தியம்மா! யாருக்கோ சக்கரை இல்லாத காப்பி வேணும்னு சொல்ல வந்தவங்க. வந்து பாத்தா, ஒருத்தி தலைய நீட்டிக்கினு உக்காந்திருக்கா. ஒருத்தரு அருவாளத் தூக்கிக்கினு நிக்கறாரு. பொண்ணோட அம்மா அவளப் புடிச்சிக்கினு இருக்காங்க.

அந்த அம்மா நல்ல ஒசரம். தங்க ஃபிரேம் கண்ணாடி. சிரிச்சி யாரும் பாத்ததில்லன்னு பேச்சு.

"என்ன நடக்குது இங்க?"

சித்தி பளிச்சினு சொன்னாங்க பாருங்க ஒரு பொய்!

"இது எங்க கொலதெய்வத்து வழக்கம்ங்க."

"என்ன வழக்கம்?"

"தலையில தேங்கா ஒடைக்கறதுங்க."

சம்பந்தியம்மா ரொம்ப மரியாதையா, "அப்போ நம்ம சுமதிக்கும் ஒடைக்கணுமா?"ன்னாங்க.

சித்தி மொகம் வெளுத்துப் போச்சு. "இல்லீங்க இல்லீங்க! அக்கா மொறைக்கு மட்டும்தான்!"

"சரி. ஒடைங்க. பாக்கறேன்"னு கையக் கட்டிக்கினு நின்னுட்டாங்க.

மாஸ்டர் என்ன பண்ணுவாரு? ஓரத்தைச் சுத்திச் சுத்தி மெதுவாத் தட்டுனாரு. ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குப் பல்லு வரைக்கும் ஆடுது. ஏழாவது தட்டுல 'பட்'டுனு ஒரு சத்தம். எது ஒடஞ்சிதுன்னு எனக்கு ஒரு செகண்டு தெரியல. அப்பறம் முன்னாடி ரெண்டு துண்டு விழுந்துது. ரெண்டும் கொட்டாங்குச்சி. என் புருவம் தடால்னு கீழ எறங்குச்சி. அந்த நிமிஷம் எனக்குக் கெடச்ச சுகம் இருக்கே, பிரசவத்துக்கு அப்பறம் கூட எனக்கு அந்த மாதிரி கெடைக்கல.

முடி முழுக்க மொகத்து மேல வந்து விழுந்துது. எண்ணெய்ப் பிசுக்கும் சிக்கும் ஓட்டுத் துணுக்குமா. அதை ஒதுக்கிப் பாத்தா, சம்பந்தியம்மா கையில ஒரு துண்டு. பாலிஷ் போட்ட துண்டு. வெரலால தடவிப் பாக்கறாங்க.

"சாமிக்கு ஒடைக்கற தேங்காவுக்கு இந்த எட்டு ஓட்டை எதுக்கு?"

சித்தி என்னப் பாத்தாங்க. நான் மாஸ்டரப் பாத்தேன். மாஸ்டர் ரசத்தப் பாக்கப் போயிட்டாரு.

இனி எனக்கு மறைக்கறதுக்கு என்னா இருக்குது? எல்லாத்தையும் சொல்லிட்டேன். பத்திரிகை, மோர்க்குழம்பு, லேத்து, பஸ்ஸு, எல்லாம். பார்லர் அம்மாவ நிறுத்துனது நாந்தான், சுமதி மேல தப்பே இல்லன்னு கடைசில கும்பிட்டேன்.

அவங்க சிரிக்கல.

"இப்போ பொண்ணுக்குத் தலை யாரு பண்றது?"

"நாந்தாங்க"ன்னேன். தலையில கொட்டாங்குச்சித் தூளோட.

கைய நீட்டுனாங்க.

"வேணாம். சீப்பக் குடு."

நேரா சுமதி ரூமுக்குப் போனாங்க. அவ எழுந்து நின்னா. "உக்காரும்மா. எனக்கு மூணும் பசங்க. சீப்பப் புடிச்சி எத்தினி வருஷம் ஆச்சு"ன்னு சொல்லிக்கினே அவ முடிய அவுத்து விட்டாங்க. கையில அள்ளிப் பாத்தாங்க.

"இவ்ளோ மெத்துன்னு முடி இருக்குது. அன்னிக்கு எண்ணெய வச்சி இழுத்து வாரி உக்கார வச்சிருந்தீங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

சுமதி கண்ணுலேர்ந்து மறுபடியும் தண்ணி. இது வேற தண்ணி.

அஞ்சே நிமிஷம். ஆறு ஹேர்பின். கொண்டை முடிஞ்சிது.

உண்மையச் சொல்லணும்னா, கோணல். நல்ல கோணல். எடது காதுப் பக்கமா சாஞ்சிக்கினு, எப்போ வேணா எறங்கிப் போயிடறேங்கற மாதிரி இருந்துச்சி. ஆனா போட்டது மாமியார். யாரு வாயத் தொறப்பாங்க?

"எப்படி இருக்குது?"ன்னு கேட்டாங்க.

"பிரமாதம்ங்க!"ன்னோம் மூணு பேரும், ஒரே குரல்ல.

மேடையில சுமதி அந்தக் கோணல சரிக்கட்ட ரெண்டு மணி நேரமும் தலைய வலது பக்கமாவே சாய்ச்சிக்கினு நின்னா. வலது பக்கம் மாப்பிள்ளை. அவருக்கு மொகமெல்லாம் பல்லு. பாண்டிச்சேரிப் பொம்பளைங்க, "பாத்தியா, பொண்ணு இப்பவே எவ்ளோ ஆசையா சாயறா!"ன்னு பேசிக்கினாங்க. தலையப் பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல.

எங்க வீட்டுக்காரரு ஏழு மணிக்கு வந்தாரு. எண்ணெய் வழியற ஒத்தைச் சடையோட கடைசி வரிசையில உக்காந்திருந்த என்னப் பாத்தாரு.

"எங்க அது?"

"ஒடைச்சிட்டாங்க."

"ஒடைச்சாங்களா? கழட்டலியே?"

"கழட்ட வரல."

"நான் சொல்லல?"ன்னு நெஞ்ச நிமித்திக்கினு சாப்பிடப் போயிட்டாரு. பொண்டாட்டி உசுரோட இருக்காளான்னு கூட கேக்கல.

ஆச்சு, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிதுன்னு நெனச்சேன். மறுநாள் காலையில தாலி கட்டியாச்சு. டிபன் பந்தி. மொத வரிசையில மாப்பிள்ளையோட பெரியப்பா, இட்லிய சட்னியில தோச்சி வாய்க்குக் கொண்டு போனவரு, அப்படியே நிறுத்திட்டாரு.

சட்னியிலேர்ந்து ஒரு முடி. இழுத்தாரு. வந்துது. இன்னும் இழுத்தாரு. வந்துகினே இருக்குது. கைய முழுசா மேல தூக்கிட்டாரு, இன்னும் நுனி வரல. பக்கத்து எலைக்காரரு புடிச்சி உதவி பண்றாரு.

மண்டபத்துல அவ்ளோ நீளத்துக்கு முடி ஒருத்திக்குத்தான். எல்லாரும் மெதுவாத் திரும்பி என்னப் பாத்தாங்க. நான் இட்லியப் பாத்தேன்.

"யாருய்யா மாஸ்டர்? கூப்பிடு!"ன்னு பெரியப்பா கத்துனாரு.

மாஸ்டர் வந்தாரு. முடியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு பணிவாச் சொன்னாரு.

"மன்னிச்சிக்குங்க ஐயா. எப்பவும் குடுமிய எடுத்துட்டுத்தான் ஒடைப்பேன். நேத்து ஒரு தேங்காவ மட்டும் குடுமியோட ஒடைச்சிட்டேன்."